டிலே பத்தி தீசிஸ், லிட்ரேச்சர் ரிவ்யூவை ஒரே கேள்வில காலி பண்ணிட்டாங்க, சோர்ஸ் எங்க தேடுறது எப்படி சைட் (மேற்கோள்) பண்றது?

கம்பிகட்டி

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜினியரிங் அண்ட் மேனேஜ்மென்ட் ரெண்டாவது வருஷம், செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ். ஃபேஸ் 1 ரிவ்யூ போன வாரம் முடிஞ்சுது, முடிஞ்சுதுன்னு சொல்றத விட என்னை முடிச்சு விட்டாங்கன்னு சொல்லலாம். டாபிக் வழக்கமானதுதான், அடுக்குமாடி ப்ராஜெக்ட் ஏன் லேட் ஆகுது, க்வெஸ்டினேர் குடுத்து ஆர்ஐஐ (எந்த காரணம் எவ்வளவு முக்கியம்னு காட்டுற எண்) போட்டு காரணங்களை ரேங்க் பண்றது. 32 பேப்பர் சேர்த்து வச்சிருந்தேன், தெம்பாதான் போனேன். வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் மேடம் முதல் பக்கம் முதல் வரியிலேயே நிறுத்திட்டாங்க. "உலக அளவில் 70 சதவீத கட்டுமானத் திட்டங்கள் தாமதமாகின்றன, அஸ்ஸாஃப் 2006"ன்னு போட்டிருந்தேன். "இந்த சர்வே எந்த நாட்டுல எடுத்தது?"ன்னு கேட்டாங்க. நான் அந்த பேப்பரை கண்ணால பாத்ததே இல்ல, வேற ஒரு பேப்பர்ல அப்படி இருந்துச்சு, அப்படியே எடுத்து போட்டேன். எகிப்துன்னு சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்கல, அதான் இன்னும் பயமா இருந்துச்சு.

இப்ப கைடு 32ல பாதிக்கு மேல காசு வாங்கிட்டு மூணு நாள்ல போடுற ஜர்னல், எல்லாத்தையும் தூக்குன்னு சொல்லிட்டாரு. நல்ல பேப்பர் எதை திறந்தாலும் டாலர்ல காசு கேக்குது, எங்க லைப்ரரில சப்ஸ்க்ரிப்ஷன் கிடையாது. சாட்ஜிபிடி கிட்ட பத்து ரெஃபரன்ஸ் கேட்டேன், பாக்க பக்காவா இருக்கு, தேடினா ஆறு பேப்பர் உலகத்துலயே இல்ல. அப்புறம் ஐஎஸ் கோடு (இந்திய தரநிலை), கவர்மென்ட் ரிப்போர்ட், சைட்ல இருந்து வாங்குன டாக்குமென்ட் இதெல்லாம் எப்படி சைட் பண்றது? அடுத்த ரிவ்யூவுக்கு ஆறு வாரம்தான் இருக்கு, யாராவது வழி சொல்லுங்க.

பாதி_பிஎச்டி

தம்பி, மொதல்ல அந்த 70 சதவீதத்தை முடிச்சிடுவோம். அது அஸ்ஸாஃப், அல்-ஹெஜ்ஜி ரெண்டு பேர் எழுதுனது, இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், வால்யூம் 24, பக்கம் 349ல இருந்து 357 வரைக்கும். சவுதி அரேபியால பெரிய ப்ராஜெக்ட்கள் பத்தின சர்வே, 23 கான்ட்ராக்டர், 19 கன்சல்டன்ட், 15 ஓனர், மொத்தம் 57 தரப்பு. 73 காரணம் லிஸ்ட் போட்டிருக்காங்க, மூணு தரப்பும் பொதுவா கை காட்டுனது சேஞ்ச் ஆர்டரை, அதாவது வேலை நடுவுல மாத்த சொல்றதை. 70 சதவீதம் லேட்டுங்கறது அந்த சர்வேல வந்த கணக்கு. "உலக அளவில்"ங்கற வார்த்தை அவங்க எழுதுனது இல்ல, நடுவுல யாரோ ஒருத்தர் சேர்த்து விட்டது, அடுத்தவர் அவரை பாத்து எழுத, அதுக்கடுத்தவர் இவரை பாத்து எழுதன்னு உன் முதல் பக்கம் வரைக்கும் வந்து உக்காந்திருக்கு.

இதே பேப்பர்ல உனக்கு இன்னொரு கண்ணி இருக்கு, அடுத்த ரிவ்யூல கட்டாயம் மாட்டுவ, அதனால இப்பவே சொல்லிடறேன். ஆர்ஐஐ ஃபார்முலாவுக்கு பக்கத்துலயும் அஸ்ஸாஃப் 2006னு போட்டிருப்பியே? அவங்க போட்டது ஆர்ஐஐயே கிடையாது. ஒவ்வொரு காரணத்துக்கும் ரெண்டு கேள்வி கேட்டிருக்காங்க, எவ்வளவு அடிக்கடி நடக்குது, நடந்தா எவ்வளவு பாதிக்குது. ரெண்டுக்கும் தனித்தனி இண்டெக்ஸ், ரெண்டையும் பெருக்கி நூறால வகுத்தா இம்பார்ட்டன்ஸ் இண்டெக்ஸ். நீ பண்றது ஒரே கேள்வி, ஒரே ஸ்கேல். 40 பேர், அஞ்சு பாயின்ட் ஸ்கேல், ஒரு காரணத்துக்கு மொத்த மார்க் 156 வந்துச்சுன்னா 156ஐ 200ஆல வகுத்து 0.78, இதுதான் ஆர்ஐஐ. இதுக்கு சம்பசிவன், சூன் 2007 மலேசியா பேப்பரை பாரு, அதே ஜர்னல்தான், அவங்க நிஜமாவே ஆர்ஐஐ போட்டு 28 காரணத்துல இருந்து முக்கியமான பத்தை எடுத்திருக்காங்க. உன் மெத்தட் யாரோடதோ அவங்களை சைட் பண்ணு, பேர் பெருசுங்கறதுக்காக சம்பந்தமில்லாதவரை இழுத்து விடாத.

தேடுறதுக்கு நான் பண்றது இதுதான். கூகுள் ஸ்காலர்ல ஒரு நல்ல பேப்பரை பிடி, கீழ "சைட்டட் பை"ன்னு இருக்கும், அதை அமுக்குனா அதுக்கப்புறம் அதை சைட் பண்ண ஆயிரக்கணக்கான பேப்பர் வந்து கொட்டும். பயந்து ஓடிடாத, மேல அந்த லிஸ்டுக்குள்ளயே தேடுறதுக்கு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அதை போட்டுட்டு இந்தியா, ரெசிடென்ஷியல்னு அடி. அப்படி போனா டோலாய், சாஹ்னி, ஐயர், ரென்டாலா 2012 கிடைக்கும், இந்திய ப்ராஜெக்ட் டிலே பத்தினது, முதல் காரணமா அவங்க சொல்றது பொருளும் இல்ல ஆளும் இல்ல, கமிட்மென்ட் இல்லாததுதான். உன் ரிசல்ட்டை ஒப்பிட அதை விட பக்கத்துல இருக்குற பேப்பர் வேற வேணுமா. இன்னொண்ணு, டிலேன்னு மட்டும் அடிக்காத, டைம் ஓவர்ரன், ஷெட்யூல் ஓவர்ரன், டைம் பெர்ஃபார்மன்ஸ்னு ஆளுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க, எல்லாத்தையும் போட்டு பாரு.

அசல் பேப்பர் தலைகீழா நின்னாலும் கிடைக்கலன்னா, இன்னார் சொன்னதா இன்னார் எழுதியிருக்காருன்னு நேர்மையா எழுதிட்டு, கடைசி லிஸ்ட்ல நீ படிச்சவரை மட்டும் போடு. மூணு இடத்துக்கு மேல இப்படி வந்தா அசிங்கமா இருக்கும், பாத்துக்க.

நூலகர்_மேசை

நான் இன்ஜினியரிங் காலேஜ் லைப்ரரில வேலை பாக்கறேன், உங்களை மாதிரி ஆறு வாரம் இருக்கும்போது ஓடி வர்றவங்களை வருஷா வருஷம் பாக்கறேன் தம்பி. காசு விஷயம் சொல்றேன். 2025 ஜனவரில இருந்து ஒரே நாடு ஒரே சந்தானு மத்திய அரசு திட்டம் ஓடுது, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், ஆனா அரசு கல்வி நிறுவனங்களுக்குத்தான், உங்களது செல்ஃப் ஃபைனான்ஸ்ன்னா வராது. பக்கத்துல இருக்குற அரசு இன்ஜினியரிங் காலேஜ் லைப்ரரிக்கு உங்க கைடு கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு போயி கேட்டு பாருங்க, கேக்கறதுல தப்பே இல்ல. அதுக்கு முன்னாடி வீட்டுலயே பண்ண வேண்டியது, ஸ்காலர்ல பேப்பர் பேருக்கு கீழ "ஆல் வெர்ஷன்ஸ்"னு ஒரு லிங்க் இருக்கும், ஆசிரியரே தன்னோட யூனிவர்சிட்டி தளத்துல பிடிஎஃப் போட்டிருப்பாரு, பாதி பேர் அதை தட்டியே பாக்கறதில்ல. அன்பேவால்னு ப்ரௌசர்ல ஒண்ணு போட்டுக்கலாம், சட்டப்படி ஃப்ரீயா கிடைக்கிற காப்பி இருந்தா அதுவே காட்டிடும். முக்கியமா கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் பசங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, ஆர்காம்ங்கற கட்டுமான மேனேஜ்மென்ட் ஆராய்ச்சி சங்கத்தோட கான்ஃபரன்ஸ் பேப்பரும் லீன் கன்ஸ்ட்ரக்‌ஷன்காரங்க ஐஜிஎல்சி பேப்பரும் அவங்கவங்க தளத்துல சும்மாவே கிடைக்குது, ஐஜிஎல்சி 1993ல இருந்து நடக்குது. நம்ம நாட்டு பிஎச்டி தீசிஸ் சோத்கங்காங்கற தளத்துல கிடைக்கும். ரெண்டாவது சாப்டரை எடுத்து படிச்சா யாரை யாரை படிக்கணும்னு புரியும், ஆனா அந்த சாப்டரை அப்படியே தூக்கி வைக்காதீங்க, காப்பி பிடிக்கிற சாஃப்ட்வேர்ல முதல்ல மாட்டுறது அதுதான்.

சாட்ஜிபிடி குடுத்த ரெஃபரன்ஸ்ல டிஓஐ நம்பர் (ஒவ்வொரு பேப்பருக்கும் தனியா இருக்குற அடையாள எண்) இருந்தா அதை டிஓஐ தளத்துல போட்டு பாருங்க. ஒண்ணு எதுவுமே வராது, இல்லன்னா சம்பந்தமே இல்லாம தவளை இனப்பெருக்கம் பத்தின பேப்பர் வரும், நான் நேர்ல பாத்திருக்கேன். ஜர்னல் விஷயத்துல நம்பகமான ஜர்னல்னு யுஜிசி வச்சிருந்த கேர் லிஸ்டை 2025 பிப்ரவரியோட எடுத்துட்டாங்க, "கேர் லிஸ்டட்"னு இன்னும் பேனர் போட்டிருந்தாலே சந்தேகப்படுங்க. எடிட்டர் யாரு, ரிவ்யூ எவ்வளவு நாள், அதே இதழ்ல கட்டுமானமும் ஆயுர்வேதமும் பேங்கிங்கும் ஒண்ணா வருதான்னு பாத்தாலே தெரிஞ்சிடும்.

சைட்_மாமா

எனக்கு தெரிஞ்ச சைட் ரெண்டே ரெண்டு, ஒண்ணு கான்க்ரீட் போடறது, இன்னொண்ணு காலேஜ் பஸ் ஸ்டாண்ட்ல அடிச்சது. இது மூணாவது சைட்டா. சரி விடு, 19 வருஷமா ப்ளானிங்லயும் க்ளெய்ம்லயும் குப்பை கொட்டறேன், எங்க பக்கத்து சோர்ஸ் கொஞ்சம் சொல்றேன் மாப்ள.

நீ அடுக்குமாடின்னு சொல்ற, அப்புறம் எதுக்கு சவுதி வரைக்கும் போகணும், டிஎன்ரெரா (தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்துல பதிவான ப்ராஜெக்ட் லிஸ்ட் கிடக்கு, பில்டர் எப்ப முடிக்கறேன்னு சொன்னான்ற தேதியோட. ரெரா சட்டம் 2016, பிரிவு 6 படிச்சு பாரு, எந்த காரணத்துக்கு நீட்டிப்பு குடுக்கலாம்னு இருக்கு. வீடு லேட்டா குடுத்ததுக்கு ஜனங்க போட்ட கேஸோட ஆர்டரும் அங்கயே இருக்கு, அதுல பில்டர் என்ன சாக்கு சொன்னான்னு படிச்சா உன் க்வெஸ்டினேருக்கு நாலு கேள்வி கிடைக்கும். மத்திய புள்ளியியல் அமைச்சகம் போடற ரிப்போர்ட்டை எல்லாரும் இன்ட்ரோல ஒட்டுவாங்க, அது 150 கோடிக்கு மேல உள்ள மத்திய அரசு ப்ராஜெக்ட், ரோடு, ரயில்வே, மின்சாரம் இந்த வகை. அதை கொண்டு வந்து அபார்ட்மென்ட் தீசிஸ்ல வச்சா மறுபடியும் எகிப்துதான். சிஏஜி (மத்திய தணிக்கை அதிகாரி) ஆடிட் ரிப்போர்ட்டும் இப்படித்தான், அரசு வேலைக்கு தங்கம், சைட் பண்ணும்போது ரிப்போர்ட் நம்பர், வருஷம், பாரா நம்பர் மூணும் போடணும், வெறும் சிஏஜின்னு போட்டா எவனும் தேடி கண்டுபிடிக்க முடியாது.

கான்ட்ராக்ட் டாக்குமென்ட்னா எடிஷனை பாரு மாப்ள. போன வருஷம் எங்க கிட்ட இன்டர்ன்ஷிப் வந்த பையன் ரிப்போர்ட்ல ஃபிடிக் ரெட் புக் (சர்வதேச கான்ட்ராக்ட் மாதிரி புத்தகம்) எக்ஸ்டென்ஷன் ஆஃப் டைம், அதாவது கால நீட்டிப்பு, க்ளாஸ் 8.4னு எழுதியிருந்தான், பக்கத்துல 2017 எடிஷன்னு வேற. 8.4 வந்து 1999 புக்ல, 2017ல அது 8.5 ஆயிடுச்சு. நம்பர் ஒண்ணுதான் வித்தியாசம், ஆனா எதிர் பார்ட்டி வக்கீல் கைல மாட்டுனா இவங்க புக்கையே திறக்கலன்னு ஒரே வரில மூடிடுவான். டிலே அனாலிசிஸ்க்கு எஸ்சிஎல்ங்கற கட்டுமான சட்ட சங்கத்தோட ப்ரோட்டோகால் பாரு, சும்மாவே டவுன்லோட் ஆகும், அதுலயும் 2002, 2017னு ரெண்டு எடிஷன், ரெண்டாவதைத்தான் எடு. லேட்டானதுக்கு ஓவர்ஹெட் நஷ்டம் எப்படி கணக்கு போடறதுன்னு ஹட்ஸன், எம்டன், ஐக்லே ஃபார்முலா எல்லாம் சுப்ரீம் கோர்ட் 2006ல மெக்டெர்மாட் எதிர் பர்ன் ஸ்டாண்டர்ட் தீர்ப்புல பேசியிருக்கு. எவனோ எழுதுன ப்ளாகுக்கு பதிலா அதை சைட் பண்ணா பேனல்ல நிமிர்ந்து உக்காருவாங்க.

சைட் டாக்குமென்ட் பத்தி கேட்டியே, வேலை தடைபட்டதை எழுதி வைக்கற ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர்தான் டிலேக்கு உண்மையான ஜாதகம். டிராயிங் வரல, லேபர் வரல, மழைன்னு தேதி போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்டிருப்பாங்க. கிடைச்சா விடாத. ஆனா கம்பெனி கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கு, தீசிஸ்ல ப்ராஜெக்ட் ஏ, ப்ராஜெக்ட் பினு போடு, பேரை போட்டுட்டு அப்புறம் எனக்கு போன் பண்ணாத.

ஜாலி_ஜல்லி

எதுக்கு ப்ரோ இவ்ளோ டென்ஷன், சீனியர் தீசிஸ்ல பின்னாடி ரெண்டு பக்கம் எடுத்து ஒட்டுங்க, எவன் உக்காந்து படிக்க போறான்

பாதி_பிஎச்டி

@ஜாலி_ஜல்லி அவன் அப்படி ஒட்டித்தான் இங்க வந்து நிக்கறான், மேல படிங்க சார்.

கம்பிகட்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நூலகர் மேடமா சாரான்னு தெரியல, ஆல் வெர்ஷன்ஸ் தட்டினதுல ஒரே ராத்திரில ஏழு பேப்பர் கிடைச்சுது, அஸ்ஸாஃபும் கிடைச்சுது, நிஜமாவே சவுதி. மாமா சொன்ன டிஎன்ரெரால உக்காந்தா நேரம் போறதே தெரியல, எங்க ஏரியால ஒரு ப்ராஜெக்ட், நான் பத்தாவது படிக்கும்போது முடியணும்னு போட்டிருக்கு, இன்னும் சாரம் பிரிக்கல. பழைய 32ல 9தான் மிச்சம். எல்லாத்தையும் சோட்டீரோங்கற ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர்ல ஏத்திட்டேன், ஏபிஏங்கற மேற்கோள் ஸ்டைல். ஒரு சந்தேகம், ஐஎஸ் 15883 பாகம் 2, டைம் மேனேஜ்மென்ட் கோடு, அதை ஏத்தினா லிஸ்ட்ல ஆசிரியர் பேர் "ஸ்டாண்டர்ட்ஸ், பி. ஓ. ஐ."ன்னு வருது, யாரோ பி.ஓ.ஐ. ஸ்டாண்டர்ட்ஸ்னு ஒரு மனுஷன் எழுதுன மாதிரி. கைடு பாத்தா சிரிப்பாரா திட்டுவாரான்னு தெரியல.

பாதி_பிஎச்டி

ரெண்டும் பண்ணுவாரு. பீரோ ஆஃப் இண்டியன் ஸ்டாண்டர்ட்ஸ்ங்கறத அது ஆள் பேர்னு நினைச்சு முதல் பேர் கடைசி பேர்னு பிரிச்சிடுச்சு. ஆசிரியர் கட்டத்துக்கு பக்கத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குனா ரெண்டு கட்டம் ஒண்ணாயிடும், முழுப்பேரையும் அதுல போடு. வருஷம் 2013னு இருக்கான்னு பாத்துக்க, பாகம் 1தான் 2009. பிஐஎஸ் தளத்துல பதிவு பண்ணா கோடு ஃப்ரீயாவே இறக்கிக்கலாம், வாட்ஸ்அப்ல வந்த மங்கலான ஸ்கேனை வச்சுட்டு க்ளாஸ் நம்பர் எழுதாத.

கம்பிகட்டி

ஒண்ணாயிடுச்சு. ஸ்கேன்தான் வச்சிருந்தேன், எப்படி கண்டுபிடிச்சீங்க.