மறு: மறு: ஹைலி காம்போசிட் நம்பர் – தமிழ்ல என்ன போடலாம்?

சென்னை:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு பசங்களுக்காக ராமானுஜன் பத்தி ஒரு புக்லெட் மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போகணும், அவரோட 1915 கட்டுரைத் தலைப்புலயே மாட்டிக்கிட்டேன். தனக்குக் கீழ இருக்கிற எல்லா எண்ணையும் விட காரணி அதிகமா இருந்தா அது ஹைலி காம்போசிட். 12க்கு 6, 5040க்கு 60, 720720க்கு 240. காம்போசிட்னா பகு எண், அதனால இப்போதைக்கு 'மிகு பகு எண்'னு போட்டிருக்கேன், ஓகேவா?

மதுரை:
'மீப்பகு எண்'தான் சரி. மீச்சிறு பொது மடங்குன்னு ஸ்கூல்லயே பழகின மீ இருக்கறப்ப மிகு எதுக்கு? ஆனா பகுவை விட்டுடாதீங்க. பங்கு, பகுதி, பகை, பகல் எல்லாம் ஒரே குடும்பம். பட்டினப்பாலையில 'நெடுநுகத்துப் பகல் போல'ன்னு வருதே, அந்தப் பகல் வெளிச்சம் இல்ல, நுகத்தடி நடுவுல அடிக்கிற ஆணி. வள்ளுவரும் 'பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர்'ங்கிறார்...

கோவை:
ஐயா, ஆணி இருக்கட்டுங்க. லிஸ்ட்டைப் பாருங்க: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60. அதுல 2 பகா எண்ணுங்க. பகா எண்ணையே மீப்பகுன்னா கிளாஸ்ல எவனாவது எந்திரிச்சு கேப்பான். இங்கிலீஷ்லயும் இதே குளறுபடிதான், அதை நாம ஏன் சுமக்கணும்? 'காரணிமிகை எண்' வைங்க.

சென்னை:
மிகைன்னா புக்ல பாசிட்டிவ்னு அர்த்தம் சார், மிகை முழுக்கள்னு நாலு பக்கம் முன்னாடிதான் வருது.

யாழ்ப்பாணம்:
பகு, பகா என்டு நீங்கள் அடிபடுறது எங்கட பிள்ளையளுக்கு விளங்காது, இங்க முதன்மை எண், சேர்த்தி எண். காரணிதான் ரெண்டு பக்கமும் பொது. 'பல்காரணி எண்' என்டு வையுங்கோவன்.

கோவை:
பல் டாக்டர் ஞாபகம் வருதுங்க.

மதுரை:
பல்கலைக்கழகத்துல படிச்சவங்க எல்லாம் பல் டாக்டரா? அது இல்ல பிரச்சினை. 60க்கு 12 காரணி, 72, 84, 90, 96க்கும் அதே 12. முதல்ல எட்டினது 60ங்கிறதாலதான் அது லிஸ்ட்ல இருக்கு, மத்த நாலும் இல்ல. 'பல்'லுல அந்த முந்தல் எங்க இருக்கு?

யாழ்ப்பாணம்:
மீயில மட்டும் இருக்கோ ஐயா?

சேலம்:
நடுவுல ஒண்ணு. ராமானுஜன் கையால போட்ட அட்டவணையில 102 எண் இருக்கு, 293318625600 மட்டும் விட்டுப்போச்சு. 2⁶·3⁴·5²·7²·11·13·17·19. அடுக்கு ஒவ்வொண்ணோடயும் ஒண்ணு கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2 = 5040. விட்டுப்போன எண்ணோட காரணி எண்ணிக்கையே லிஸ்ட்ல இருக்கிற எண்! புக்லெட்ல இதைச் சேருங்க, பேர் எதுவா இருந்தாலும் பசங்க கணக்கு போட்டுப் பாப்பாங்க.

சென்னை:
அதைப் பெட்டிச் செய்தியா போட்டுடறேன், நன்றி. பல்காரணிதான் ரெண்டு பக்கமும் புரியும்னு தோணுது, அதையே வச்சுக்கிட்டு முதல் தடவை வர்ற இடத்துல 'முந்தைய எல்லா எண்ணையும் விட'ன்னு ஒரு வரி விளக்கம் கொடுத்துடறேன். அடுத்த பக்கத்துல சுப்பீரியர் ஹைலி காம்போசிட்னு இன்னொண்ணு வருதே, அதுக்கு?

மதுரை:
என் ஓட்டு மீப்பகுவுக்குத்தான், எழுதி வச்சுக்கோங்க. சுப்பீரியருக்குத் தனி இழை போடுங்க, சொல்றேன்.

கோவை:
வெள்ளிக்கிழமைக்குள்ளயாங்க?