ரேவால் பிறவி நடையா, பழக்கினதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி (ஏரிச்சாலை, கொடைக்கானல்):
அந்தியூர் ஆடிச் சந்தைக்கு வந்த நாலு வயது மார்வாரி இனப் பெண்குதிரை. ஆள் ஏறினால் ரேவால் (நாலு காலும் தனித்தனியாக விழும், குலுங்காத வேக நடை) அருமையாகப் போகிறது. பிறவி நடை என்கிறார்கள். எதைப் பார்த்து உறுதி செய்வது? இங்குள்ள மேடு பள்ளத்தில் நடை கெடுமா?

பதில் (குளம்படி):
சேணம், கடிவாளம் எல்லாம் கழற்றி வேலிக்குள் அவிழ்த்துவிடச் சொல்லுங்க. நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இடத்தைக் கவனியுங்க. பிறவி நடை இருந்தால் அங்கே தானாகவே சில எட்டுகளாவது ரேவால் வரும். பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது என நாலு அடியும் சம இடைவெளியில் கேட்கணும். ஒரு பக்கக் கால்கள் சேர்ந்தே விழுந்து இரண்டு சத்தம்தான் வந்தால் அது ரேவால் இல்லை. கண்ணுக்குப் பிடிபடாது, பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோ மோஷன் எடுங்க.

ஆள் ஏறினால் மட்டும் வருகிற நடை பெரும்பாலும் கடிவாளத்தின் வேலை. லகானை இழுத்துத் தலையைத் தூக்கியே வைத்தால் முதுகு விறைத்து, துள்ளோட்டத்தின் (மூலைக்கு மூலை கால்கள் ஜோடியாக விழும் ஓட்டம்) அடி உடைந்து ரேவால் மாதிரி தெரியும். லகானைத் தளர்த்தி 20 நிமிடம் ஓட்டச் சொல்லுங்க. வாயோரமும் நாக்கும் புண்ணா என்று பாருங்க. முள் கடிவாளம் வண்டி, சுமை விலங்குகளுக்கான 1965 வதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது.

பதில் (லாடப்பெட்டி):
காலையும் விடாதீங்க. குளம்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் முன்னும் பின்னும் கட்டைவிரலால் அழுத்துங்க. காலை வெடுக்கென்று இழுத்தாலோ, முடி உதிர்ந்து தோல் தடித்திருந்தாலோ வாங்கவே வேண்டாம். அமெரிக்காவில் டென்னசி வாக்கிங் என்ற இனக் குதிரைகளுக்கு அந்த இடத்தில் காரமருந்து தடவி, சங்கிலி கட்டி, வலியால் காலை உயரத் தூக்க வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1970-இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. கனத்த லாடமும் நீளமாக விட்ட குளம்பும் நடையை மாற்றும், மூட்டையும் தசைநாணையும் கெடுக்கும். நொண்டுகிற குதிரைக்கும் அடி உடையும், அதனால் கால்நடை மருத்துவரைக் கூட்டிப் போங்க.

பதில் (மரபு):
2012-இல் குதிரை நடையோடு தொடர்புள்ள டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஐஸ்லாந்துக் குதிரைகளின் டோல்ட் என்ற நாலடி நடைக்கு அது அடிப்படை. ஆனால் துள்ளோட்டப் பந்தயக் குதிரைகளிலும் அது உண்டு, எனவே முடிவேரில் அந்த மரபணுவைச் சோதித்து மட்டும் விலை பேசாதீங்க. தாயின் நடையைப் பார்க்க முடிந்தால் அதுவே மேல்.

பதில் (குளம்படி):
மேடு பள்ளம் பற்றி: முதுகு பலப்படும்வரை சரிவில் வெறும் நடை போதும். ரேவாலை ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் சாலையில், வண்டி வராத விடியற்காலையில் ஓட்டுங்க. மழை ஈரத்தில் தார் வழுக்கும், அன்றைக்கு விட்டுடுங்க. அடி இரண்டாகச் சேர ஆரம்பித்தால் நடைக்கு இறக்கி, தரையில் கட்டைகள் போட்டு மெதுவாகத் தாண்ட விடுங்க.