சைக்கிள் மீட்டரின் வேக சென்சாரை எங்கே கட்டினீர்கள்? நம்ம ஊர் ரோட்டில் பட்ட அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

போன பிசானப் பருவ நெல் அறுவடைச் சமயத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் வரை சைக்கிளில் போய்த் திரும்புவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். வீரவநல்லூர் தாண்டியதும் ரோட்டில் பாதி அகலத்துக்கு வைக்கோலைக் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பஸ், ஒதுங்க இடமில்லை, வைக்கோல் மேலேயே ஏற்றிவிட்டேன். பத்தடி கூடப் போயிருக்க மாட்டேன், முன்சக்கரத்தில் டக் டக் என்று சத்தம், அப்புறம் ஒரே படக். இறங்கிப் பார்த்தால், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டியிருந்த வேக சென்சார் உள்பக்கம் திரும்பி, கம்பிக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மாட்டி உடைந்திருந்தது. ஒரு ஸ்போக்ஸ் கம்பியும் வளைந்துவிட்டது. மெதுவாகப் போனதால் கீழே விழவில்லை. இதே காரியம் புளியரை எஸ் வளைவு இறக்கத்தில் நடந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

நான் சென்சாரை ஃபோர்க்கின் பின்பக்கம் கட்டியிருந்தேன். அதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வண்டி முன்னே போகும்போது அச்சுக்கு மேலே இருக்கும் கம்பிகள் எல்லாம் பின்னாலிருந்து முன்னால் ஓடுகின்றன. பின்பக்கம் கட்டிய சென்சார் கொஞ்சம் உள்ளே திரும்பினால் போதும், வருகிற கம்பி அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஃபோர்க்கின் இடுக்கில் சொருகிவிடும். முன்பக்கம் கட்டியிருந்தால் அதே கம்பி அதை வெளியே தட்டிவிட்டிருக்கும். வைக்கோல் சுற்றியது தற்செயல். ஆனால் கட்டிய இடம் சரியாக இருந்திருந்தால் கட்டிய டேக் (பிளாஸ்டிக் பட்டை) அறுந்ததோடு போயிருக்கும்.

இன்னொன்று. சென்சாருக்கு எதிரே சக்கரக் கம்பியில் மாட்டும் காந்தத்தைப் பலரும் ரிம்முக்குப் பக்கத்தில் வைத்தால் வேகம் அதிகமாகக் காட்டும் என்று நம்புகிறார்கள். எனக்கு மீட்டர் மாட்டிக் கொடுத்த கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். அது சரியல்ல. காந்தம் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் சென்சாரைக் கடக்கிறது, எந்த உயரத்தில் இருந்தாலும் ஒரு முறைதான். மீட்டர் அந்தச் சுற்றுகளை எண்ணி, நாம் கொடுத்த சக்கரச் சுற்றளவால் பெருக்கிக்கொள்கிறது, அவ்வளவே. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது பாதுகாப்பும் இடைவெளியும்தான்.

நீங்கள் எங்கே கட்டினீர்கள், என்ன ஆச்சு, எழுதுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, கணக்கு மாறாது என்பது சரி. ஆனால் உயரம் வேறு விதத்தில் என்னைப் படுத்தியது. நானும் ரிம்முக்குப் பக்கத்தில்தான் முதலில் வைத்தேன். சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. ஆரியங்காவிலிருந்து இறங்கும்போது 50 தாண்டியதும் எண் திடீரென்று 20, பூஜ்யம், மறுபடி 50 என்று குதிக்க ஆரம்பித்தது. பேட்டரி மாற்றினேன், ஒயர் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

காரணம் இதுதான். ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், கம்பிகள் அகலமாக உட்கார்ந்திருக்கும், ரிம்முக்குப் போகப் போக நடுவுக்குக் குறுகிவிடும். அதனால் மேலே போகப் போகக் கம்பிக்கும் ஃபோர்க்குக்கும் இடைவெளி கூடுகிறது. என்னுடையதில் 8 மில்லிமீட்டர் இருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 8 சுற்று சுற்றுகிறது. அச்சிலிருந்து 27 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் காந்தம், 12 சென்டிமீட்டரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சென்சாரைக் கடக்கும். சென்சாருக்குள் இருக்கும் ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்டே வந்தால் மூடும் சுவிட்ச்) மூடித் திறக்க அவ்வளவு குறைந்த நேரம்தான் கிடைக்கிறது. தூரமும் கூட, நேரமும் குறைவு, அதனால் சில சுற்றுகளைத் தவறவிடுகிறது. ஃபோர்க்கின் கீழ்ப்பாதிக்கு இறக்கி, இடைவெளியை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை.

அளக்க ஸ்கேல் தேடாதீர்கள். பத்து ரூபாய்க் காசு இரண்டை அடுக்கிப் பிடித்துப் பாருங்கள், இடைவெளி ஏறக்குறைய அந்த அளவு இருந்தால் சரி.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் இடதுபக்கம் கட்டாமல் வலது ஃபோர்க்கில் கட்டுங்கள். இடதுபக்கம் வட்டும் பிரேக் ஒயரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஷாக் அப்சார்பர் ஃபோர்க் என்றால் கீழ்க் காலில்தான் கட்ட வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது அதுதான். மேல் குழாயில் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் காந்தமும் சென்சாரும் விலகிப்போகும்.

வள்ளியூரிலிருந்து:

என்னிடம் இருந்தது பழைய வகை ஒயர்லெஸ் மீட்டர், அதன் சிக்னல் டிஜிட்டல் அல்ல. அதைப் பின்சக்கரத்தில் கட்டி இரண்டு நாள் மல்லாடினேன். இந்த வகையின் சிக்னல் ஒரு மீட்டர் கூட எட்டாது. முன் ஃபோர்க்கில், மீட்டர் இருக்கும் அதே பக்கத்தில் கட்டினால்தான் வேலை செய்யும். அப்படிக் கட்டியும் ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் நின்றபோது, சக்கரம் சுற்றாமலே 70 கிலோமீட்டர் வேகம் காட்டியது. இப்போது புளூடூத் வகைக்கு மாறிவிட்டேன், அந்தத் தொல்லை இல்லை. இதைப் பின்னால் கட்டினாலும் மீட்டர் வரை எட்டுகிறது.

பெருமாள்புரத்திலிருந்து:

ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் வீட்டுக்குள் டிரெய்னரில்தான் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்கும் தாங்கி) ஓட்டுகிறேன். அதில் முன்சக்கரம் சுற்றாது. முன் ஃபோர்க்கில் என்ன கட்டினாலும் பூஜ்யம்தான். அதனால் காந்தம் இல்லாத, ரப்பர் வளையத்தால் மாட்டும் சென்சாரைப் பின்சக்கர ஹப்பில் போட்டிருக்கிறேன். சக்கரம் சுற்றுவதை அதுவே உணர்ந்துகொள்கிறது, இடைவெளி பார்க்க வேண்டியதில்லை. இரண்டு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நிமிடத்தில் கழற்றி மாற்றவும் வசதி.

ஆனால் அண்ணன் சொன்ன வைக்கோல் ஹப்பையும் விடாது. ஒரு தடவை சுத்தமல்லிப் பக்கம் போய்வந்து பார்த்தால், ரப்பர் வளையத்தைச் சுற்றிக் கட்டுக் கட்டாக வைக்கோல். உடையவில்லை, ஆனால் வளையம் நழுவி சென்சார் ஓரத்துக்குப் போயிருந்தது. அறுவடைக் காலத்தில் வந்ததும் ஹப்பைத் துடைத்துவிடுவது நல்லது. சைக்கிளைக் காருக்குப் பின்னால் மாட்டிக் கொண்டுபோகும்போதும் சக்கரம் காற்றில் சுற்றினால் சென்சார் விழித்துக்கொண்டு பேட்டரி தீர்கிறது. நான் சக்கரத்தை ஒரு வாரால் கட்டிவிடுகிறேன்.

களக்காட்டிலிருந்து:

அப்பாவின் 28 இஞ்ச் சைக்கிளில் ஒயர் மீட்டர் மாட்டினேன். மட்கார்டு கம்பிக்கு மேலே, ஃபோர்க்கின் முன்பக்கம். ஒயரை ஃபிரேமின் நடுப் பார் வரை சுற்றிக் கொண்டுபோனேன், ஹேண்டில் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விடாததால் முதல் நாளே அறுந்தது. சுற்றளவுக்கு மீட்டரோடு வந்த அட்டவணையில் இந்த சைஸே இல்லை, நானே அளக்க வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, அட்டவணையில் இருந்தாலும் அளப்பதுதான் நல்லது. வால்வை நேர் கீழே வைத்துத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, நீங்கள் மேலே உட்கார்ந்து, வால்வு மறுபடி கீழே வரும்வரை உருட்டி இன்னொரு கோடு. 700-28 சைஸ் டயருக்கு அட்டவணையில் 2136 மில்லிமீட்டர். என் எடையில் என் காற்றழுத்தத்தில் அளந்தபோது 2118 வந்தது. நூறு கிலோமீட்டருக்கு 800 மீட்டருக்கு மேல் வித்தியாசம்.

புது சென்சாரை ஃபோர்க்கின் முன்பக்கம், கீழ்ப்பாதியில், பழைய டியூப் துண்டை அடியில் வைத்து இரண்டு டேக் போட்டுக் கட்டியிருக்கிறேன். டியூப் இருப்பதால் நழுவுவதில்லை, பெயிண்டும் கீறாது. நேற்று அதே வீரவநல்லூர் ரோட்டில் கார் பருவ நெல் அறுவடை வைக்கோல் கிடந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய், ஹப்பைப் பார்த்துவிட்டு ஏறினேன். மீட்டர் 71.4 கிலோமீட்டரில் வீட்டு வாசலில் நின்றது.