மாரடைப்பே வராதவருக்கு ஸ்டென்ட் வேணுமா? ஆராய்ச்சி ஒண்ணு சொல்லுது, டாக்டர் ஒண்ணு சொல்றாரு

செந்தில்_கோவில்பட்டி
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. நாலு மாசமா மாடிப்படி ஏறினாலோ வேகமா நடந்தாலோ நெஞ்சுல ஒரு இறுக்கம், உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல போயிடுது, கூடவும் இல்ல குறையவும் இல்ல. டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ், ஆஞ்சியோ பாத்ததுல எல்ஏடிங்குற இதயத்து முன்பக்க ரத்தக்குழாய்ல 80 பர்சன்ட் அடைப்பு, மத்த ரெண்டு குழாயும் பரவாயில்ல, லெஃப்ட் மெயின்னு சொல்ற இடது பக்க தாய்க்குழாய் கிளியர், பம்பிங் (ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் வெளிய தள்ளுற ரத்தம்) 58 பர்சன்ட். மாமா ஆஞ்சியோ டேபிள்ல படுத்திருக்கும்போதே டாக்டர் வெளிய வந்து "இப்பவே ஸ்டென்ட் வச்சிடலாம், கையெழுத்து போடுங்க"ன்னு கேட்டிருக்காங்க (ஸ்டென்ட்னா குழாய விரிச்சு வைக்கிற சின்ன வலைக்கம்பி), அத்தை பயந்து போயி ஒரு வாரம் டைம் கேட்டுட்டாங்க.

நான் அதுக்குள்ள படிச்சுப் பாத்தேன். இஸ்கீமியான்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 37 நாட்டுல 5179 பேர வச்சு செஞ்சது, 2020ல வெளியாச்சு. மாமா மாதிரி நிலையா இருக்குறவங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு மாத்திரையோட ஸ்டென்ட் இல்ல பைபாஸ், இன்னொரு பாதிக்கு முதல்ல மாத்திரை மட்டும். மூணு வருஷத்துக்கு மேல பாத்துட்டு சாவுல வித்தியாசமே இல்லங்குறாங்க, அந்தப் பக்கம் 145 பேரு, இந்தப் பக்கம் 144 பேரு. அப்புறம் எதுக்கு இந்த அவசரம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேத்லேப்_பாலா
தம்பி, நான் கேத்லேப்ல, அதாவது ஆஞ்சியோ, ஸ்டென்ட்டெல்லாம் செய்யுற எடத்துல டெக்னீஷியன், பல வருஷமா இதே வேலைதான். நைட்டு ரெண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து ஸ்ட்ரெச்சர்ல வர்ற ஆளுங்கள நான் பாக்குறேன், அதுல பாதிப் பேரு "அப்பப்ப வலி இருந்துச்சு சார், வாயுன்னு நெனச்சோம்"னுதான் சொல்லுவாங்க. 80 பர்சன்ட் எல்ஏடின்னா விளையாட்டு இல்ல. ஆராய்ச்சிக்கு யார எடுத்தாங்கன்னு பாத்தீங்களா? லெஃப்ட் மெயின் அடைப்பு இருந்தா வெளிய, பம்பிங் 35க்குக் கீழ இருந்தா வெளிய, மாத்திரை போட்டும் வலி தாங்க முடியலன்னா வெளிய. லேசான கேஸா பொறுக்கி எடுத்துட்டு வித்தியாசம் இல்லன்னா எப்படி?

ரேவதி_ஃபார்மசி
பாலா சார், லேசான கேஸ எடுக்கல. டெஸ்ட்ல மிதமான இல்ல கடுமையான ரத்தக் குறைவு தெரிஞ்சவங்களத்தான் எடுத்தாங்க. அதுல நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல சுகர்காரங்க. நீங்க சொன்ன விலக்கு எல்லாம் உண்மைதான், ஆனா செந்தில் மாமாவுக்கு லெஃப்ட் மெயின் கிளியர், பம்பிங் 58, வலி மாறாம ஒரே மாதிரி. விலக்குன லிஸ்ட்ல அவரு இல்லையே, எடுத்த லிஸ்ட்லதான இருக்காரு.

இன்னொண்ணு, நைட்டு ரெண்டு மணிக்கு வர்றது வேற வியாதி மாதிரியே எடுத்துக்கணும். அது அட்டாக். கொழுப்புப் படிவம் வெடிச்சு அது மேல ரத்தம் கட்டி குழாய் அடைச்சிடுது, அங்க நிமிஷத்துக்கு நிமிஷம் தசை சாகுது, அங்க ஸ்டென்ட் உயிரக் காப்பாத்துது, அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. படியேறுனா மட்டும் வர்ற வலிக்கு அந்தக் கணக்கப் போடக்கூடாது.

கேத்லேப்_பாலா
அட்டாக்க விட்டுத் தள்ளுங்கன்னா எப்படி மேடம், நம்ம தமிழ்நாட்டுலயே 2012லேருந்து 2014 வரைக்கும் ஒரு ஆராய்ச்சி நடந்துச்சே. சின்ன ஆஸ்பத்திரிகள பெரிய கேத்லேப் ஆஸ்பத்திரியோட கோத்து விட்டு, ஆம்புலன்ஸ் ஏற்பாடெல்லாம் செஞ்சு, 2420 அட்டாக் நோயாளிங்க கணக்கப் பாத்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள செத்தவங்க 17.6 பர்சன்ட்லேருந்து 14.2க்கு இறங்குச்சு. குழாயத் திறந்தா ஆளு பொழைக்கிறான், இது நம்ம ஊரு கணக்கு.

ரேவதி_ஃபார்மசி
அருமையான ஆராய்ச்சி அது, நம்ம ஊருக்குப் பெருமை. ஆனா அதுல இருந்த எல்லாரும் அட்டாக் வந்தவங்க. நான் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க. மாமாவுக்கு அட்டாக் வரல.

நெல்லை_அந்தோணி
நான் ஸ்டென்ட் வச்சவன். போன வருஷம் வச்சேன். அதுக்கு முன்னாடி வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்லேருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல நின்னு நின்னு வருவேன், நெஞ்சு மேல யாரோ முழங்கைய வச்சு அழுத்துற மாதிரி. இப்ப நிக்காம வர்றேன். இந்த ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு சொல்லி மனுஷங்கள பயமுறுத்தாதீங்க. பைப் அடைச்சிருந்தா அடைப்ப எடுக்கணும், இதுக்கு 5000 பேர வச்சு பாக்கணுமா?

ஹவுஸ்சர்ஜன்_மணி
அந்தோணி அண்ணே, நீங்க நல்லா இருக்குறது சந்தோஷம். ஆனா பைப் கணக்குலதான் எல்லாருமே ஏமாந்து போறோம். அட்டாக் கொடுக்குற படிவம் எல்லா நேரமும் அந்த 80 பர்சன்ட் எடத்துல இருக்குறதில்ல. பக்கத்துலயே 40 பர்சன்ட்டா, டிரெட்மில்ல காட்டாம, வலியே தராம இருக்குற ஒண்ணு திடீர்னு வெடிக்கும். ஸ்டென்ட் ஒரு ரெண்டு மூணு சென்டிமீட்டர் எடத்த விரிச்சு வைக்கும், மாத்திரை மூணு குழாய்க்கும் மொத்தமா போகுது. கொழுப்புக்குக் கொடுக்குற ஸ்டேட்டின் மாத்திரை போட்டா கொழுப்பு நம்பர் குறையறதோட நிக்காது, படிவத்து மேல இருக்குற மூடி கெட்டியாகுது, வெடிக்கிறது குறையுது. அதனாலதான் 2007ல கரேஜ்னு ஒரு ஆராய்ச்சி, 2287 பேரு, அதுலயும் இதே முடிவு. சாவு ப்ளஸ் அட்டாக் ரெண்டும் சேத்து ஸ்டென்ட் பக்கம் 19.0 பர்சன்ட், மாத்திரை பக்கம் 18.5. அப்ப ஸ்டென்ட் பழசு, டெக்னிக் பழசுன்னு குறை சொன்னாங்க, அதுக்குத்தான் புது ஸ்டென்ட் வச்சு இஸ்கீமியா நடத்தினாங்க.

ரேவதி_ஃபார்மசி
அந்தோணி சார், கோவிச்சுக்காதீங்க, ஆனா வலி விஷயத்துலயும் ஒண்ணு இருக்கு. 2017ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ரஷா அல்-லாமீங்குற டாக்டர் தலைமையில ஆர்பிட்டான்னு ஒண்ணு செஞ்சாங்க. 200 பேரு, எல்லாருக்கும் ஒரே ஒரு குழாய்ல 70 பர்சன்ட்டுக்கு மேல அடைப்பு. முதல்ல ஆறு வாரம் மாத்திரைய நல்லா ஏத்திக் கொடுத்தாங்க. அப்புறம் எல்லாரையும் கேத்லேப்புக்குக் கூட்டிட்டுப் போயி, காதுல ஹெட்போன் மாட்டி பாட்டு போட்டுவிட்டு, மயக்கம் கொடுத்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட், மீதிப் பேருக்கு ஒண்ணும் பண்ணாம குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் டேபிள்லயே படுக்க வச்சிருந்து வெளிய கொண்டு வந்தாங்க. நோயாளிக்கும் தெரியாது, வார்டுல பாத்துக்குற நர்ஸ், டாக்டருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழிச்சு டிரெட்மில்ல ஓட விட்டா ஸ்டென்ட் வச்சவங்க கூடுதலா ஓடினது 28 செகண்ட், சும்மா படுத்துட்டு வந்தவங்க 12 செகண்ட். வித்தியாசம் 16 செகண்ட் சொச்சம், அது தற்செயலாக்கூட வந்திருக்கலாம்னுதான் கணக்கு சொல்லுச்சு.

நெல்லை_அந்தோணி
அப்ப என் வலி போனது மனப்பிரமைன்னு சொல்ல வர்றீங்களாம்மா? என் நெஞ்சு, என் வலி, எனக்குத் தெரியாதா?

ஷார்ஜா_கதிர்
அதவிட முக்கியமா கேக்குறேன், ஒண்ணுமே செய்யாம ஒரு மனுஷன டேபிள்ல படுக்க வச்சு மயக்கம் கொடுத்து, தொடை வழியாவோ கை வழியாவோ குழாய விட்டு, செஞ்ச மாதிரி நடிச்சு வெளிய அனுப்புறது எந்த ஊரு நியாயம்? நம்ம ஊர்ல இப்படிச் செஞ்சா பேப்பர்ல கிழிச்சிருப்பாங்க. வெள்ளைக்காரன் செஞ்சா ஆராய்ச்சியா?

ஹவுஸ்சர்ஜன்_மணி
கதிர் அண்ணே, அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லி, இப்படி நடக்கலாம்னு எழுத்துல சம்மதம் வாங்கித்தான் செஞ்சாங்க, முடிஞ்சப்புறம் எல்லாருக்கும் உண்மையச் சொல்லி, வேணுங்குறவங்க ஸ்டென்ட் வச்சுக்கிட்டாங்க. இது செய்யலன்னா என்ன ஆகும்னு ஒரு பழைய கதை இருக்கு. 1950கள்ல நெஞ்சு வலிக்கு மார்பு உள்பக்கம் போற ஒரு ரத்தக்குழாயக் கட்டிவிட்டா இதயத்துக்கு ரத்தம் கூடப் போகும்னு ஒரு ஆபரேஷன் அமெரிக்காவுல பரவுச்சு, நோயாளிங்களும் "வலி போயிடுச்சு டாக்டர்"னு சந்தோஷமாச் சொன்னாங்க. 1959ல லியோனார்ட் காப்னு ஒரு டாக்டர் 17 பேரத்தான் எடுத்தாரு, பாதிப் பேருக்குத் தோல மட்டும் கிழிச்சுத் தச்சாரு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலி குறைஞ்சுது. அந்த ஆபரேஷன் அதோட போச்சு. அந்தப் பதினேழு பேரு இல்லன்னா இன்னும் எத்தன ஆயிரம் நெஞ்ச சும்மா கிழிச்சிருப்பாங்க, அதுதான் எனக்கு அநியாயமாத் தெரியுது.

ரேவதி_ஃபார்மசி
அந்தோணி சார், பிரமைன்னு நான் சொல்லவே இல்ல, வலி நெசமாவே போச்சு. அதுல எவ்வளவு ஸ்டென்ட்டால, எவ்வளவு அதோட சேத்து ஆரம்பிச்ச மாத்திரையால, எவ்வளவு "சரி பண்ணிட்டாங்க"ங்குற தைரியத்துல ஒழுங்கா நடக்க ஆரம்பிச்சதாலன்னு ஒரே ஒரு ஆள வச்சுப் பிரிக்க முடியாது, அவ்வளவுதான்.

கேத்லேப்_பாலா
மேடம் ஆர்பிட்டாவச் சொன்னீங்க, ஆர்பிட்டா 2ஐ ஏன் சொல்லல? அதே டீம், அதே அல்-லாமீ, 2023ல. இந்தத் தடவ 301 பேரு, வலி மாத்திரையெல்லாம் நிறுத்திட்டு, அதே மாதிரி பாதிப் பேருக்கு நெசமான ஸ்டென்ட், பாதிப் பேருக்கு டம்மி. பன்னெண்டு வாரத்துல ஸ்டென்ட் வச்சவங்கள்ல 40 பர்சன்ட் பேருக்கு வலியே இல்ல, டம்மில 15 பர்சன்ட்தான். டிரெட்மில்ல ஒரு நிமிஷம் கூட ஓடுறாங்க. அந்தோணி அண்ணன் சொன்னது பிரமை இல்லன்னு அதே லண்டன்காரங்களே நிரூபிச்சுட்டாங்க.

இஸ்கீமியாலயும் முழுசாச் சொல்லுங்க. மாத்திரை பக்கம் போட்டவங்கள்லயே அஞ்சுல ஒருத்தரு பின்னாடி ஸ்டென்ட்டோ பைபாஸோ செஞ்சுக்கிட்டாங்க. அஞ்சு வருஷத்துல கெட்டது (இதயச் சாவு, அட்டாக், நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேர்றது மாதிரி) நடந்தது ஸ்டென்ட் பக்கம் 16.4 பர்சன்ட், மாத்திரை பக்கம் 18.2. ஏழு வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்தப்ப இதயத்தால செத்தது ஸ்டென்ட் பக்கம் 6.4 பர்சன்ட், மாத்திரை பக்கம் 8.6 பர்சன்ட். எது கம்மின்னு நீங்களே பாருங்க.

நெல்லை_அந்தோணி
நன்றி பாலா தம்பி. இதத்தான் கேட்டேன்.

ரேவதி_ஃபார்மசி
ஆர்பிட்டா 2 நல்ல ஆராய்ச்சிதான், நான் மறைக்கல. ஆனா அதுல மாத்திரைய நிறுத்தினதுதான் சங்கதி, மாத்திரை இல்லாம ஸ்டென்ட் மட்டும் வலியக் குறைக்குமான்னு கேட்டாங்க, குறைக்குதுன்னு பதில் வந்துச்சு. அதுலயும் ஸ்டென்ட் வச்சு 60 பர்சன்ட் பேருக்கு வலி பாக்கி இருந்துச்சே, அத எந்த ஆஸ்பத்திரில கையெழுத்து வாங்கும்போது சொல்றாங்க? ஏழு வருஷக் கணக்குலயும் இதயச் சாவ மட்டும் எடுத்துக்கிட்டீங்க, மொத்தச் சாவு 12.7க்கு 13.4, வித்தியாசம்னு சொல்ல முடியாது, ஏன்னா இதயம் அல்லாத சாவு ஸ்டென்ட் பக்கம் கூடுதல். முதல் ஆறு மாசத்துல கெட்டது நடந்தது ஸ்டென்ட் பக்கம்தான் ஜாஸ்தி, 5.3க்கு 3.4, அது பெரும்பாலும் அந்த சிகிச்சை நேரத்துலயே வர்ற அட்டாக். அஞ்சுல ஒருத்தரு பின்னாடி செஞ்சுக்கிட்டாங்கன்னா நாலு பேரு செஞ்சுக்காமலே ஓட்டினாங்கன்னும் அர்த்தம்.

ஷார்ஜா_கதிர்
எல்லாம் சரி, அங்க ஆராய்ச்சில மாத்திரை கொடுக்க ஆளு, போன் பண்ணி கேக்க நர்ஸு. எங்க ஊர்ல மூணு மாசம் போட்டுட்டு "இப்ப வலி இல்ல"ன்னு நிறுத்திடுவாங்க, அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு கஷாயம். அவனுக்கு ஸ்டென்ட் வச்சு விடறதுதான பாதுகாப்பு?

ஹவுஸ்சர்ஜன்_மணி
அண்ணே இதுதான் இருக்குறதுலயே ஆபத்தான நெனப்பு. மாத்திரை போட மாட்டான்னு ஸ்டென்ட் வச்சா, அவன் ஸ்டென்ட்டுக்கு அப்புறம் ரத்தம் உறையாம இருக்கப் போட வேண்டிய க்ளோபிடோக்ரெல்லையும்தான் போட மாட்டான். சீக்கிரமா அத நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு திடீர்னு முழுசா அடைக்கும், அது முதல்ல இருந்த 80 பர்சன்ட்ட விட மோசம். வார்டுல நான் பாத்த ஒருத்தரு, பல்லு புடுங்கணும்னு தானாவே எல்லா மாத்திரையும் நிறுத்திட்டு அஞ்சாவது நாள் அட்டாக்கோட வந்தாரு. மாத்திரை போட வைக்கிறதுக்கு வழி பாக்கணும், 2021லேருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருதே.

கேத்லேப்_பாலா
தம்பி மணி, நீ சொல்றது சரி, ஆனா ஒரே பக்கமா தட்டி விடாத. அரசாங்கம் 2017ல ஸ்டென்ட் விலைய மருந்து பூசுனதுக்கு 29,600 ரூபாய்னு கட்டுப்படுத்தினதுலேருந்து "காசுக்காக வைக்கிறாங்க"ங்குற பேச்சு குறையும்னு நெனச்சேன், குறையல. எங்க டாக்டருங்க வலியோட ஒருத்தன் வந்து நின்னா அவன் கஷ்டத்த முன்ன வச்சுத்தான் முடிவெடுக்குறாங்க. லாரி ஓட்டுறவன், மூட்டை தூக்குறவன், அவனுக்குப் படியேறுனா வலின்னா பொழப்பே போச்சு. பீட்டா பிளாக்கர்னு இதயத் துடிப்பக் குறைக்கிற மாத்திரையப் போட்டுட்டு சோர்ந்து போயி உக்காந்திருக்குறவங்களையும் நான் பாத்திருக்கேன்.

ரேவதி_ஃபார்மசி
மூட்டை தூக்குறவருக்கு மாத்திரைல வலி அடங்கலன்னா ஸ்டென்ட் வச்சே ஆகணும், அத யாரு வேணாம்னா? மாத்திரை ஒரு நாள் கூட ஏத்திப் பாக்காம, ஆஞ்சியோ டேபிள்ல படுத்திருக்கும்போது "இல்லன்னா உயிருக்கு ஆபத்து"ன்னு கையெழுத்து கேக்குறதுதான் தப்பு. வலிக்காகன்னு சொல்லி வைங்க, உயிருக்காகன்னு சொல்லி வைக்காதீங்க. ரெண்டுக்கும் குடும்பம் எடுக்குற முடிவு வேற வேற.

செந்தில், மாமாவுக்கு இப்ப என்ன மாத்திரை ஓடுது?

செந்தில்_கோவில்பட்டி
மேடம், ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின் 10, சுகருக்கு மெட்ஃபார்மின். நெஞ்சு வலிக்குன்னு தனியா எதுவும் இல்ல. மாமாவக் கேட்டேன், "தோட்டத்துல மோட்டார் போடப் போயி வர்றதுக்கு ஒண்ணும் இல்லடா, மாடி ஏறினாத்தான்"ங்குறாரு. ஆனா அத்தைக்குத்தான் ராத்திரி தூக்கமே இல்ல, டேபிள்ல கேட்டது மனசுல நிக்குது.

ஹவுஸ்சர்ஜன்_மணி
பாத்தீங்களா, ஸ்டேட்டின்ல அட்டோர்வா 10 தான். இஸ்கீமியால கெட்ட கொழுப்ப 70க்குக் கீழ இறக்கணும்னு வச்சிருந்தாங்க. பீட்டா பிளாக்கர், குழாய விரிக்கிற நைட்ரேட் எதுவுமே தொடங்கலயே. இன்னொரு கார்டியாலஜிஸ்ட்ட ஆஞ்சியோ சிடியோட போங்க, நேராக் கேளுங்க: இது உயிருக்கா வலிக்கா, மாத்திரைய முழுசா ஏத்தி ஆறு எட்டு வாரம் பாத்தா என்ன ஆபத்து, அடைப்பு எல்ஏடில எந்த எடத்துல இருக்கு. டோஸ் அவரு சொல்லட்டும், இங்க யாரும் சொல்லி நீங்க மாத்தாதீங்க. பின்னால சுகரோட ரெண்டு மூணு குழாய்ல அடைப்புன்னு ஆச்சுன்னா அது வேற பேச்சு. 2012ல ஃப்ரீடம்னு 1900 சுகர்காரங்கள வச்சு நடந்ததுல ஸ்டென்ட்ட விட பைபாஸ்தான் நல்லா இருந்துச்சு.

கேத்லேப்_பாலா
நான் இப்பவும் ஸ்டென்ட் வச்சிடுன்னுதான் சொல்லுவேன், 61 வயசு சுகர்காரருக்கு எல்ஏடில காத்திருக்க எனக்கு மனசு வராது. ஆனா காத்திருக்கறதா முடிவு பண்ணீங்கன்னா இதையாவது கேளு தம்பி. சும்மா உக்காந்திருக்கும்போது வலி வந்தா, ராத்திரி வலில முழிச்சா, முன்ன விட கொஞ்ச தூரம் நடந்தாலே வந்தா, அது நிலையான வலி இல்ல. அன்னிக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் அவருக்குப் பொருந்தாது. சார்பிட்ரேட் (நெஞ்சு வலிக்கு வைக்கிற நைட்ரேட் மாத்திரை) ஒண்ணு நாக்குக்கு அடியில வச்சு அஞ்சு நிமிஷத்துல போகலன்னா 108க்கு போன் பண்ணு, பைக்ல உக்கார வச்சுக் கூட்டிட்டு வராத. சுகர்காரங்களுக்கு வலியே இல்லாம வெறும் வேர்வை, மூச்சு வாங்குறதுன்னு கூட வரும்.

ரேவதி_ஃபார்மசி
இதுல பாலா சார் சொன்னதுல ஒரு எழுத்து கூட நான் மாத்த மாட்டேன். செந்தில், சார்பிட்ரேட் வைக்கும்போது உக்கார வச்சு வைக்கச் சொல்லுங்க, பிபி சட்டுனு இறங்கி விழுந்திடுவாங்க. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை ஏதாவது எடுக்குறாரான்னு டாக்டர் கேட்டா கூச்சப்படாம உண்மையச் சொல்லச் சொல்லுங்க, ரெண்டும் சேரவே கூடாது.

செந்தில்_கோவில்பட்டி
சரிங்க மேடம். வர்ற புதன்கிழமை மதுரைல வேற டாக்டர்ட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன், சிடி கைல இருக்கு. மணி சொன்ன மூணு கேள்வியையும் எழுதி அத்தைட்ட கொடுத்திருக்கேன், அவங்களே கேக்கட்டும். என்ன சொன்னாருன்னு வந்து போடுறேன்.