பென்டோனைட் சேர்த்தால் ரூமன் செரிமானம் குறைகிறதா?

கேள்வி
0.5 கிராம் தீவனம், அதில் 2% பென்டோனைட் களிமண். மாட்டுச் செரிமானத்தைக் குழாயில் நடத்திப் பார்க்கும் டில்லி-டெர்ரி முறையில் 48 மணி நேரம் ரூமன் (மாட்டின் முதல் வயிறு) திரவம், பிறகு 48 மணி நேரம் பெப்சின் என்ற செரிமான நொதி. உலர்பொருள் செரிமானம் 60%-லிருந்து 58.7% ஆகிறது. அசிட்டோனில் கரைத்த குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து விட்ட குழாய்களில் இன்னும் குறைவு. ஆனால் தீவனத்தைப் போட்டு மாட்டின் ரூமனுக்குள் வைக்கும் நைலான் பையில் அதே களிமண் செரிமானத்தைக் கூட்டிக் காட்டுகிறது! எதை நம்புவது?

பதில் 1
இரண்டையும் நம்பாதீர்கள். களிமண் செரிக்காது, அப்படியே மிச்சத்தில் நிற்கும். 500 மி.கி.-யில் 10 மி.கி. களிமண். மீதி 490-இல் 60% என்றால் 294; அதை 500-ஆல் வகுத்தால் 58.8%. நுண்ணுயிர் ஒன்றும் படுத்துவிடவில்லை, எடைக்கணக்குதான் படுத்துகிறது. பையில் தலைகீழ்: 50 மைக்ரான் துளை வழியே களிமண் கழுவிப் போய், செரிந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. ரூமனில் வைக்காத ஒரு பையையும் அதே மாதிரி அலசி எடை போட்டால் தெரிந்துவிடும்.

மிச்சத்தை 550 டிகிரியில் எரித்து, கரிமப்பொருள் செரிமானமாகக் கணக்கிடுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு: அந்தச் சூட்டில் களிமண்ணின் கட்டமைப்பு நீரும் கொஞ்சம் போகும். வெறும் களிமண்ணைத் தனியாக எரித்து அந்த இழப்பைக் கழித்துவிடுங்கள்.

பதில் 2
மருந்துக் குழாய்களுக்கு வருகிறேன். அசிட்டோன் மட்டும் விட்ட குழாய் வைத்தீர்களா? இல்லையென்றால் அந்தக் குறைவு யாருடையது என்றே சொல்ல முடியாது. மருந்துக் கரைசலைத் தீவனத்தில் விட்டு, அசிட்டோன் முழுக்க ஆவியான பிறகே திரவம் ஊற்றுங்கள்.

அளவையும் பாருங்கள். தீவனத்தில் கிலோவுக்கு 1 மி.கி. மருந்து எச்சம் என்றால் உங்கள் குழாயில் 0.5 மைக்ரோகிராம், 50 மி.லி.-யில் அது லிட்டருக்கு 0.01 மி.கி. லிட்டருக்கு 10 மி.கி. விட்டிருந்தால், கிலோவுக்கு 1000 மி.கி. உள்ள தீவனத்தைச் சோதிக்கிறீர்கள். அது எச்சமே இல்லை. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் தாக்குவது மாட்டின் நரம்பிலுள்ள கோலினெஸ்டெரேஸ் நொதியை. குழாயில் நரம்பு ஏது?

கேட்டவர்
டாக்சின் பைண்டராக (நச்சைப் பிடித்துக்கொள்ளும் சேர்மானமாக) இந்தக் களிமண்ணைப் போட்டால் பூச்சிமருந்தும் கட்டுப்படுமா? வடிகட்டியும் அடைக்கிறது.

பதில் 2
அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சுக்குச் சரி, அது தட்டையான மூலக்கூறு, களிமண் அடுக்குகளுக்கிடையே புகுந்துகொள்ளும். நேர்மின்னேற்றமுள்ள பாராகுவாட் களைக்கொல்லியும் ஒட்டும். கொழுப்பில் கரையும் டிடிடி (DDT) பூச்சிமருந்துக்கு இதை நம்ப முடியாது. ரூமன் நுண்ணுயிர் அதை DDD என்ற வேறொரு பொருளாக மாற்றும். அதுவும் பால்கொழுப்புக்குத்தான் போகும்.

பதில் 1
பென்டோனைட் நீரில் உப்பிப் பெருகும், அடைக்கத்தான் செய்யும். வடிகட்டியை விட்டு, எல்லாக் குழாய்களையும் (களிமண் இல்லாதவற்றையும்) சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மேல்நீரை உறிஞ்சி எடுங்கள். அம்மோனியாவையும் அளந்து வையுங்கள். களிமண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும், புரதம் குறைந்த தீவனத்தில் நிஜமான பாதிப்பு வந்தால் அங்கேதான் வரும்.