இதய சூத்திரம் தூரிகையால் எழுதுபவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. யுவான் சுவாங் 649-இல் சீனத்தில் மொழிபெயர்த்த இதய சூத்திரம் என்ற சிறிய பௌத்த நூலைத் தூரிகையால் நகலெடுத்துப் பழகுகிறேன். மொத்தம் 260 எழுத்துதான், ஆனால் மைக்குச்சியைக் கல்லில் நீர் விட்டு அரைக்கும்போதே மூச்சு நிதானமாகிவிடுகிறது, அதனாலேயே பாட்டில் மை வாங்க மனம் வரவில்லை.

சிக்கல் தாளில்தான். பதப்படுத்தாத சுவான் தாளில் (தூரிகை எழுத்துக்கான சீனத் தாள்) தூரிகை ஒரு நொடி தயங்கினாலும் மை பரவி, சின்ன எழுத்தின் உள்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மை பரவாதபடி படிகாரம் பூசிய தாள் சென்னையில் எங்கே கிடைக்கும்? இல்லை, படிகாரமும் வஜ்ஜிரப் பசையும் கலந்து வீட்டிலேயே பூசிக்கொள்ளலாமா? யாராவது செய்திருந்தால் அளவு சொல்லுங்கள்.

அப்புறம், சீன பௌத்தத் துறவி ஹோங்யியின் (1880–1942) தூரிகை எழுத்து எனக்கு உயிர். இசை, நாடகம், ஓவியம் என்று வாழ்ந்தவர், 1918-இல் துறவு பூண்டபின் அதையெல்லாம் விட்டும் தூரிகையை மட்டும் விடவில்லை. அலங்காரமோ அவசரமோ இல்லாத கோடுகள். அவரையே பார்த்து எழுதலாமா, அல்லது சீனத் தாங் வம்சக் காலத்து எழுத்துக் கலைஞர் ஓயாங் ஷுன் மாதிரி கட்டான எழுத்தில் முதலில் கை பழகணுமா?

கடைசியாக, எழுதிக் கெட்டுப்போன தாள்களை என்ன செய்கிறீர்கள்? சீனாவில் எழுத்துள்ள தாளைக் குப்பையில் போடாமல் அதற்கென்றே உள்ள உலையில் எரிக்கும் வழக்கம் இருந்தது. சூத்திரத்தைக் கசக்கி எறிய எனக்கும் கை வரவில்லை, வீட்டில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது.