புதுப்பிப்பு: காட்மியம் படிந்த வயலும் தேங்கிய நீரும்

ஜப்பானின் தொயாமா பகுதியில் கமியோகா சுரங்கக் கழிவு ஜின்சூ ஆற்றின் வழியே நெல்வயல்களில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சேர்த்ததையும், அதனால் எலும்பு நொறுங்கும் ‘இத்தாய் இத்தாய்’ நோய் வந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். காட்மியம் நெல்லில் ஏறாமல் தடுக்க வயலில் நீரைத் தேக்கினாலே போதாதா என்று சிலர் கேட்டிருந்தனர்.

அது பாதித் தீர்வுதான். கதிர் வெளிவரும் பருவத்தில் நீர் நின்றால், காற்றில்லாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாக மாறுவதால் வேர் அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. நீரை வடித்தபின் அது மீண்டும் கரைகிறது. ஆனால் அதே சேற்றில் இரும்பு ஆக்சைடுகள் கரையும்போது, அவற்றில் ஒட்டியிருந்த ஆர்சனிக் என்ற மற்றொரு நச்சுப்பொருள் விடுபட்டுப் பயிருக்குள் ஏறுகிறது. இரண்டும் உள்ள மண்ணில் இது பெரிய சங்கடம். சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைப்பதும் காட்மியத்துக்கு ஓரளவு உதவும்.

ஜின்சூ கரையில் இவற்றோடு நிறுத்தவில்லை. 1979 முதல் 2012 வரை, மாசுபட்ட மேல்மண்ணைப் புதைத்து, மேலே இறுகிய அடுக்கொன்றை அமைத்து, வேற்றிடத்து மண்ணைப் பரப்பி, 860 ஹெக்டேருக்கு மேல் சீரமைத்தனர். அரிசிக்கான காட்மிய வரம்பையும் ஜப்பான் 2011இல் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.4 ஆகக் குறைத்தது.

நிறைய நீரில் வடித்துச் சமைத்தால் ஆர்சனிக் ஓரளவு கஞ்சியோடு வெளியேறும். காட்மியம் பெரும்பாலும் சோற்றிலேயே தங்கிவிடும்.